ஒரு புள்ளியிலிருந்து விரியும் கூம்பு

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவியரும் உயர்தர வகுப்பு மாணவியரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் கணிதம் பேசுவதா என்று சிலர் கேட்டார்கள். பாட்டும் நடனமும் பழைய கதைகளும் இன்று மாலை நிறையவே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் அரை மணித்தியாலத்தைக் கணிதத்துக்கும் தாருங்கள் என்று சங்கத்திடம் கேட்டு வாங்கினோம். இந்தப் பாடசாலையில் கணிதம் படித்து, இன்று கற்பித்தல் துறையிலும் கணினித் துறையிலும் இருக்கின்ற சில பழைய மாணவியர் சேர்ந்து இவ்வுரையை எழுதினோம். ஆகவே இதில் வரும் 'நாங்கள்' ஒருவருடைய குரல் அல்ல.

பேசப்போகும் பொருள் இதுதான். நமக்கு ஒரே நேரத்தில் பல நோக்கங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறது. அப்போது எந்தத் திட்டத்தைக் கைவிடலாம், எதைக் கைவிடக் கூடாது என்று எப்படி அறிவது? கணிதம் இதற்கு ஒரு படம் தருகிறது. ஒவ்வொரு திட்டத்தையும் ஒரு புள்ளியாக்கி, அந்தப் புள்ளியை உச்சியாகக் கொண்டு ஒரு கூம்பு வரைவதே அந்தப் படம்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. புசல்லாவையிலிருந்து இறம்பொடைப் பக்கமாக நுவரெலியா வீதியில் போகும்போது, கீழே பள்ளத்தாக்கில் விரிந்து கிடக்கும் நீரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது கொத்மலை நீர்த்தேக்கம். சுவீடன் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்டது. அதன் மின்நிலையம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. 67 மெகாவாட் வலுவுள்ள மூன்று இயந்திரங்கள், மொத்தம் 201 மெகாவாட். மின்சாரம் தந்த பிறகு அந்த நீர் மகாவலியில் சேர்ந்து, கம்பளை, பேராதனை வழியாகக் கண்டியைச் சுற்றிக்கொண்டு பொல்கொல்லைக்குப் போகிறது.

பொல்கொல்லையில்தான் நம்முடைய கேள்வி பிறக்கிறது. 1976 முதல் அங்கே ஓர் அணைக்கட்டு ஆற்றை மறித்து நிற்கிறது. ஏறக்குறைய 8 கிலோமீற்றர் நீளமுள்ள சுரங்கத்தின் வழியாக அங்கிருந்து நீரின் ஒரு பகுதியை வடக்கே திருப்பலாம். திருப்பினால் அது உக்குவளையில் மின்சாரம் தந்து, அம்பன் கங்கைப் பக்கம் இறங்கி, போவதென்ன வழியாக வறண்ட வலயத்துக் குளங்களுக்குப் போகும். திருப்பாமல் விட்டால் ஆற்றோடு இறங்கி, விக்டோரியாவின் 210 மெகாவாட் இயந்திரங்களையும் றந்தெனிகலயின் 122 மெகாவாட் இயந்திரங்களையும் சுழற்றிவிட்டு, மினிப்பே முதலிய வேறு வயல்களுக்குப் போகும். கீழ்வழியில் அதே நீர் கூடுதலான மின்சாரம் தரும். வடக்கு வழியில் போனால் பழைய குளங்களை நம்பியிருக்கும் விவசாயிகளுக்குப் பயன். ஒரே நீர் இரண்டு வழியிலும் போக முடியாது. அதனால்தான் நீர், மின்சாரம், பாசனம் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அலுவலர்கள் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் நீர்ப் பங்கீட்டைக் கூடிப் பேசித் திட்டமிடுகிறார்கள்.

அந்த மேசையில் நாமும் இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். இதில் வரும் எண்கள் எந்த அணைக்கட்டினுடையவையும் அல்ல. பயிற்சிக்காக நாங்களே எழுதியவை. நம்மிடம் ஐந்து திட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மின்சாரம், பாசனம், ஆற்றில் ஓடும் நீர் என்ற மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி கொடுத்திருக்கிறோம். கூடினால் நல்லது.

திட்டம் அ: (8, 3, 4)
திட்டம் ஆ: (4, 8, 5)
திட்டம் இ: (6, 6, 6)
திட்டம் ஈ: (5, 5, 6)
திட்டம் உ: (3, 4, 9)

முதலில் மூன்றாவது எண்ணை மறைத்துவிட்டு, மின்சாரத்தையும் பாசனத்தையும் மட்டும் வைத்து ஒரு வரைபு கீறுவோம். இ என்பது (6, 6). ஈ என்பது (5, 5). உ என்பது (3, 4). இரண்டு நோக்கங்களிலும் இ முந்தி நிற்கிறது. ஆகவே ஈயையும் உவையும் தயக்கமின்றி வெட்டிவிடலாம். அ, ஆ, இ மூன்றும் மிஞ்சும். அவற்றில் எந்த இரண்டை எடுத்தாலும், ஒன்று மின்சாரத்தில் முந்தும், மற்றது பாசனத்தில் முந்தும்.

இனி மூன்றாவது அச்சை எழுப்புவோம். இந்த மண்டபத்தின் மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர்களும் தரையும் சந்திக்கும் இடம் உற்பத்திப் புள்ளி. ஒரு சுவரடியில் மின்சாரம், மற்றச் சுவரடியில் பாசனம், மேல்நோக்கி ஆற்று நீர். ஐந்து திட்டங்களும் இப்போது காற்றில் தொங்கும் ஐந்து புள்ளிகள்.

இ என்ற புள்ளியில் நின்று, மூன்று திசைகளில் மூன்று கதிர்களை விடுங்கள். ஒன்று மின்சாரம் குறையும் திசை, ஒன்று பாசனம் குறையும் திசை, ஒன்று ஆற்று நீர் குறையும் திசை. உயர்தர வகுப்பில் படிக்கும் காவிகளின் மொழியில் சொன்னால் (-1, 0, 0), (0, -1, 0), (0, 0, -1). இந்த மூன்று கதிர்களும் அவற்றுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் சேர்ந்ததுதான் இயின் கூம்பு. அந்தக் கூம்புக்குள் விழும் எந்தத் திட்டமும், எந்த நோக்கத்திலும் இயை விஞ்சாதது. குறைந்தது ஒன்றிலாவது பின்தங்கியது. அதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

கூம்பு என்றதும் கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சுருள் நினைவுக்கு வரலாம். அது வட்டமாக இருக்கும். இது மூலை போல மடிந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். ஓர் உச்சியிலிருந்து புறப்படும் கதிர்கள் முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகுமானால், வாய் வட்டமாக இருந்தாலும் முக்கோணியாக இருந்தாலும் கணிதத்தில் அது கூம்புதான்.

இதைக் கடதாசியிலோ கணினியிலோ வரைவது கடினமில்லை. முடிவில்லாத கூம்பை வரைய முடியாது. எங்காவது வெட்ட வேண்டும். உச்சி (6, 6, 6). ஒவ்வொரு கதிரிலும் 2 அலகு தூரம் போனால் (4, 6, 6), (6, 4, 6), (6, 6, 4) என்ற மூன்று முனைகள் கிடைக்கும். உச்சியையும் இரண்டிரண்டு முனைகளையும் சேர்த்தால் மூன்று முக்கோணிகள். அவையே கூம்பின் சுவர்கள். உள்ளே இருப்பது தெரியும்படி மெல்லிய நிறம் பூசுங்கள். ஜியோஜீப்ரா என்ற இலவச மென்பொருளில், கைத்தொலைபேசியிலேயே இதைச் செய்யலாம். வேறு புள்ளிக்குக் கூம்பு வேண்டுமானால் கதிர்களை மாற்ற வேண்டாம். உச்சியை மட்டும் நகர்த்தினால் போதும்.

வரையும்போது மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, சில நோக்கங்கள் குறைந்தால்தான் நல்லது, செலவு அப்படிப்பட்டது. அதற்குக் குறியை மாற்றி, எல்லா அச்சுகளும் ஒரே போக்கில் இருக்கச் செய்ய வேண்டும். இரண்டாவது, மின்சாரம் மெகாவாட்டிலும் நீர் கனமீற்றரிலும் இருந்தால் ஓர் அச்சு நீண்டு மற்றது ஒடுங்கிப் படம் கோணிப்போகும். எல்லாவற்றையும் ஒரே அளவுத்திட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே வரைய வேண்டும். மூன்றாவது, திரை தட்டையானது. ஒரு பக்கமிருந்து பார்க்கும்போது கூம்புக்குள் இருப்பது போலத் தெரியும் புள்ளி, படத்தைத் திருப்பினால் வெளியே நிற்கும். ஆகவே கண்ணை நம்பி வெட்டாதீர்கள், கழித்துப் பாருங்கள். இயிலிருந்து ஈயைக் கழித்தால் (1, 1, 0). ஒன்றும் மறையெண் அல்ல. ஈ கூம்பின் சுவரிலேயே இருக்கிறது, அதை வெட்டலாம். இயிலிருந்து உவைக் கழித்தால் (3, 2, -3). ஒரு மறையெண் வந்துவிட்டது. உ கூம்புக்கு வெளியே இருக்கிறது. அதை வெட்ட முடியாது.

இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இரண்டு அச்சு வரைபில் நாம் தயக்கமின்றி வெட்டிய அதே உ, மூன்றாவது அச்சு வந்ததும் உயிரோடு நிற்கிறது. திட்டம் மாறவில்லை, அதன் மின்சாரமும் பாசனமும் மாறவில்லை. முன்பு நாம் போட்ட கணக்கிலும் பிழை இல்லை. ஆற்றுக்கு ஓர் அச்சு இல்லாதிருந்தது, அவ்வளவுதான். எங்கள் உரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருப்பீர்களானால், அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகிறோம்.

இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1881இல் எட்ஜ்வர்த் என்ற பொருளியலாளரும், 1906இல் வில்ஃப்ரெடோ பரேட்டோ என்ற இத்தாலியரும், யாருக்கும் நட்டமில்லாமல் இனி எவருக்கும் கூட்டிக் கொடுக்க முடியாது என்ற நிலையைப் பற்றி எழுதினார்கள். வெட்டப்படாமல் மிஞ்சும் புள்ளிகளின் தொகுதியை இன்றும் பரேட்டோவின் பெயரால்தான் அழைக்கிறோம். அணைக்கட்டுகளைத் திட்டமிடுவது எப்படி என்று ஆராய்ந்த ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று 1962இல் வெளியிட்ட நூல், பொருளியலையும் பொறியியலையும் நீர்வளத் திட்டமிடலில் ஒன்றுசேர்த்தது. கூம்புகளைக் கொண்டு இந்தத் தேர்வை விளக்கும் முறையை 1974இல் போ-லுங் யூ ஒரு கட்டுரையில் விரிவாக எழுதினார். ஐந்து புள்ளிகளுக்குக் கையால் கணக்குப் போடலாம். நூறு புள்ளிகள் என்றால் ஒப்பிட வேண்டிய சோடிகள் 4950. கணினியிடம் அந்த வேலையை ஒப்படைத்து, நல்ல புள்ளிகளைத் தேடிச் செல்லும் முறையொன்றைக் கான்பூர் இந்தியத் தொழினுட்பக் கழகத்தைச் சேர்ந்த கல்யாண்மோய் தேப்பும் மற்றும் மூவரும் 2002இல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் முறைகளில் அதுவும் ஒன்று.

நம்முடைய கணக்குக்குத் திரும்புவோம். ஈயை வெட்டிய பின் அ, ஆ, இ, உ என்ற நான்கு மிஞ்சின. இவற்றில் எது சிறந்தது என்று கூம்பைக் கேட்டால் அது பதில் சொல்லாது. நிச்சயமாகக் குறைந்ததை ஒதுக்குவது மட்டுமே அதன் வேலை. மேலும் குறைக்க வேண்டுமானால், எதை விட்டு எதைப் பெறச் சம்மதம் என்று மனிதர் ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

"பாசனத்தில் 1 புள்ளி கூடுமானால் மின்சாரத்தில் 1 புள்ளி குறைந்தாலும் எங்களுக்குச் சம்மதம்" என்று ஒரு விவசாயி சொல்கிறார் என்று வையுங்கள். உடனே கூம்பின் ஒரு கதிர் சாய்கிறது. (0, -1, 0) இருந்த இடத்தில் (1, -1, 0) வருகிறது. கூம்பு அகலமாகிறது. இப்போது ஆவின் உச்சியிலிருந்து பாருங்கள். அங்கிருந்து அவுக்குப் போகும் காவி (4, -5, -1). சாய்ந்த கதிரில் 5 அடி, மின்சாரம் குறையும் கதிரில் 1 அடி, ஆற்று நீர் குறையும் கதிரில் 1 அடி எடுத்து வைத்தால் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். எல்லா அடிகளும் முன்னோக்கிய அடிகள். ஆகவே அ கூம்புக்குள் விழுந்துவிட்டது, வெட்டப்படுகிறது.

நகரத்தில் இருக்கும் ஆலைக்காரர் மறுபக்கமாகச் சொல்கிறார்: "மின்சாரத்தில் 1 புள்ளி கூடுமானால் பாசனத்தில் 1 குறையட்டும்." இப்போது சாயும் கதிர் (-1, 1, 0). இந்தக் கூம்பை இயின் உச்சியில் வைத்தால், அதற்குள் ஆ விழுகிறது, அ தப்பிக்கொள்கிறது. ஒரே ஐந்து புள்ளிகள், ஒரே கணிதம். யார் பேசினார் என்பதைப் பொறுத்து விழுவது அவா ஆவா என்று மாறுகிறது. இயும் உவும் மட்டும் இரண்டு கூம்புகளிலிருந்தும் தப்பி நிற்கின்றன. "கணினி இதைத்தான் சொன்னது" என்று யாராவது ஒரு படத்தைக் காட்டினால், இந்தக் கதிரை இப்படிச் சாய்த்தவர் யார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கதிரைச் சாய்ப்பவர் யார் என்பது ஒரு கேள்வி. அச்சுகளை வரைந்தவர் யார் என்பது அதற்கும் முந்திய கேள்வி.

கொத்மலை நீர்த்தேக்கத்தின் அடியில் ஊர்கள் இருந்தன. வயல்களையும் வீடுகளையும் கோயில்களையும் விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது, கடதொர என்ற பழைய விகாரையின் எச்சங்கள் இன்றும் வெளியே தெரிகின்றன. பிறகு தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. 150 மெகாவாட் வலுவுடைய அந்தத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அதற்கு முன்னரான நீண்ட விவாதத்தில், சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் அழகு எண்ணிக்கையில் சேருமா, லயங்களிலிருந்து எழுப்பப்படும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்வு எண்ணிக்கையில் சேருமா என்ற கேள்விகள் எழுந்தன. அணைக்கட்டு வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இதைக் கூறவில்லை. இந்த மண்டபத்தில் எரியும் விளக்குகளும் அந்த மின்சாரத்தில்தான் எரிகின்றன. ஆனால் ஒருவருடைய இழப்புக்கு ஓர் அச்சு வரையப்படாவிட்டால், அவருக்கு நல்லதான திட்டம் வரைபில் குறைந்த திட்டமாகவே தெரியும். அது வெட்டப்படும்போது யாரும் தீங்கு செய்ததாக உணரக்கூட மாட்டார்கள்.

இன்னும் கிட்ட வருவோம். நம்மில் பலருடைய அம்மாமாரும் பாட்டிமாரும் கொழுந்து பறித்தவர்கள். பறிக்கும் சுற்றைச் சுருக்கினால் இரண்டிலையும் ஒரு மொட்டுமாக நல்ல கொழுந்து வரும். நீட்டினால் நிறை கூடும், முற்றிய இலையும் சேர்ந்து வரும். நிறை ஓர் அச்சு, தரம் ஓர் அச்சு. இந்த இரண்டை மட்டும் போட்டு வரைபு கீறிவிடலாம். பறிப்பவர் ஏறி இறங்கும் சரிவு, மழையில் நிற்கும் நேரம், முதுகில் தாங்கும் பாரம் இவற்றைச் சேர்த்து மூன்றாவது அச்சொன்று எழுப்பினால், வெட்டிவிட்ட திட்டங்களில் எத்தனை மீண்டும் எழுந்து நிற்கும்? இதை எண்களோடு கேட்கத் தெரிந்த ஒரு பெண், அந்த மலையிலிருந்தே வந்தவளாக, திட்டம் போடும் மேசையில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

ஆசைக்கும் நடப்புக்கும் இடையில் தூரம் இருக்கிறது. உயர்தரத்தில் கணிதப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. இருக்கும் இடங்களிலும் ஆசிரியர் கிடைப்பது அரிது. கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் கணிதம் விருப்பமிருந்தும் வேறு பிரிவுக்குப் போகிறார்கள். இந்த மலரைக் கனடாவிலோ, இங்கிலாந்திலோ, கொழும்பிலோ, தமிழ்நாட்டிலோ இருந்து படிக்கப்போகும் பழைய மாணவியரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். கட்டடத்துக்குப் பணம் தருகிறீர்கள், அதற்கு நன்றி. அதோடு மாதத்தில் ஒரு மணித்தியாலமும் தாருங்கள். காவியோ, சமனிலியோ, நிகழ்தகவோ, உங்களுக்குத் தெரிந்த ஒரு பாடத்தை இணையத்தின் வழியாக ஒரு வகுப்புக்குச் சொல்லிக் கொடுங்கள். பன்னிரண்டு பேர் முன்வந்தால் ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு மணித்தியாலங்கள் நம் தங்கைமாருக்குக் கிடைக்கும்.

தங்கைமாரே, உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். நம்முடைய ஐந்து திட்டங்களோடு ஆறாவதாக ஊ (7, 4, 7) என்ற திட்டம் ஒன்று வந்து சேர்கிறது. அதை எந்தத் திட்டத்தின் கூம்பாவது விழுங்குகிறதா? அதன் கூம்புக்குள் யாராவது விழுகிறார்களா? விவசாயியின் சாய்ந்த கூம்பை வைத்தால் என்ன ஆகிறது? ஆலைக்காரரின் கூம்பை வைத்தால்? கொப்பியில் கழித்துப் பார்த்துவிட்டு, பிறகு படம் வரையுங்கள். அது முடிந்ததும் நான்காவதாக ஒரு நோக்கத்தை நீங்களே சேர்த்து, ஆறு திட்டங்களுக்கும் புள்ளி போடுங்கள். நான்கு அச்சுகளைக் கடதாசியில் கீற முடியாது; ஆனால் கழித்தல் அப்படியே வேலை செய்யும். நீங்கள் சேர்த்த நோக்கம் எது, ஏன் என்று இரண்டு வரி எழுதி உங்கள் கணித ஆசிரியரிடம் கொடுங்கள். அந்தக் கொப்பிகளைப் படிக்க நாங்கள் அடுத்த தவணையில் வருகிறோம்.